எண் போட்ட கடிதங்கள்

ஜெயபாலன் டென்மார்க்குக்குக் கப்பலேறிய அன்று சிங்கப்பூர்த் துறைமுகம் வரைக்கும் கூட வந்து வழியனுப்பியவன் கணேசமூர்த்தி ஒருவன்தான். அம்மா அஞ்சலை மலாக்கா ஆஸ்பத்திரியில் ஆயா. ஒரு நாள் போகாவிட்டாலும் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவள். தங்கை கமலவேணிக்குப் பதின்மூன்று வயது. அப்பா இல்லை. அதனால் மூர்த்திதான் பெட்டியைத் தூக்கினான், மூர்த்திதான் பஸ்ஸில் இடம் பிடித்தான், கப்பல் படிக்கட்டில் கால் வைக்கும்போது ஜெயபாலனின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தவனும் மூர்த்திதான்.

“அம்மாவ நெனச்சி கவலப்படாத. ரெண்டு வீடு தள்ளி நான் இருக்கேன்ல. நீ கடுதாசி மட்டும் போடு. பெருசா போடு. அங்க என்னா பாக்கிறியோ, என்னா நெனைக்கிறியோ, எல்லாத்தையும் எழுது.”

“எழுதுறேன்டா. வேற யாருக்கு எழுதப் போறேன்.”

இது 1953இல் நடந்தது. இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயது.

மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பலகை வீடுகளில் பிறந்தவர்கள் அவர்கள். வீட்டிலும் மலாயே பேசும் செட்டிமார் பிள்ளைகளோடு மலாயில் சண்டை போட்டு, வீட்டுக்குள் வந்து தமிழில் அடி வாங்கி வளர்ந்தவர்கள். படிப்பில் மூர்த்திக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் அதிர்ஷ்டம் ஜெயபாலன் பக்கம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த எண்ணெய் ஆலையில் அவன் ஃபிட்டருக்கு உதவியாள். ஒருமுறை டீசல் இயந்திரம் மூன்று நாள் ஓடாமல் கிடந்தபோது, ஜெயபாலன் அதன் மேல் காதை வைத்துக் கேட்டு, எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று சொன்னான். அவன் சொன்ன இடத்தைத் திறந்து பார்த்த லின்ட் என்ற டென்மார்க் எஞ்சினியர் அன்றிலிருந்து அவனை விடவில்லை. தான் படித்த தொழில்நுட்பப் பள்ளிக்கு எழுதிப்போட்டு, அவனுக்கு ஓர் இடமும் உதவித்தொகையும் வாங்கிக் கொடுத்தார்.

மூர்த்தி ஆசிரியர் பயிற்சிக்கு மனுப்போட்டுக் காத்திருந்தான். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை மாடியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்திவந்தார்கள். ஜெயபாலன் போன பிறகு அதன் சாவி மூர்த்தியிடம் மட்டும் இருந்தது.

ஜெயபாலன் போய்ச் சேர்ந்த ஊருக்கு ஓர்ஹூஸ் என்று பெயர். எழுதும்போது முன்னால் இரண்டு ‘ஏ’ போடுவார்கள். சொல்லும்போது ‘ஓ’ என்பார்கள். அந்த மொழியே அப்படித்தான். எழுதியதில் பாதியைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள். முதல் மூன்று மாதம் பட்டறையில் மேஸ்திரி சொன்னது எதுவும் அவனுக்குப் புரியவில்லை. இயந்திரத்தின் சத்தம் மட்டும் புரிந்தது. மலாக்காவில் அது என்ன பேசியதோ அதையேதான் அங்கேயும் பேசியது.

நவம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கை விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. வீட்டுக்காரி திருமதி ஹோல்ம் ஒரு தகர டப்பாவில் ஆட்டுக் கொழுப்பைக் கொண்டுவந்து, கேட்காமலே அவன் கையைப் பிடித்துத் தடவிவிட்டாள். கறுத்த ரொட்டியும் புளித்த மீனும் தின்னப் பழக ஒரு வருடம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் அன்று அந்த அம்மாள் அரிசியைப் பாலில் வேகவைத்து மேலே இலவங்கப்பட்டைப் பொடி தூவிக் கொடுத்தபோது, “எங்க வீட்டிலும் இது உண்டு” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு மூன்று கிண்ணம் சாப்பிட்டான்.

சைக்கிள் விடப் பனியில் கற்றுக்கொண்டான். நாலு தடவை விழுந்தான். ஐந்தாவது தடவை விழுந்தபோது ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டு, தொப்பியைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போலீசைக் கண்டால் அடையாள அட்டையைத் தேடி நெஞ்சுப் பையில் கை வைக்கும் நாட்டிலிருந்து வந்தவனுக்கு அது பெரிய செய்தி. அன்றைக்கே உட்கார்ந்து மூர்த்திக்கு ஆறு பக்கம் எழுதினான்.

எழுதுவதற்கு நிறைய இருந்தது. மேஸ்திரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் முதலாளியும் கூலிக்காரனும் ஒரே மேசையில் ரொட்டி வெட்டுகிறார்கள். தொழிற்சங்கக் கூட்டத்துக்கு வராதவனைத்தான் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நாலு பேர் கூடிப் பேசினாலே பெயரைக் குறித்துக்கொள்ளும் காலம். இங்கே யாரும் யாரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தவில்லை. ஜெயபாலனுக்கும் மெல்ல மெல்லக் குரல் நிமிர்ந்தது. பேச ஆள் இல்லாததால் அந்தக் குரல் முழுக்கக் கடிதத்தில் இறங்கியது.

மூர்த்தி தவறாமல் பதில் போட்டான். அம்மாவுக்கு இருமல் தேவலை, கமலா வகுப்பில் இரண்டாவதாக வந்தாள், மாரியம்மன் திருவிழாவில் மழை என்று வீட்டு விவரமெல்லாம் வரும். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்: ‘உன் கடிதம் ஒவ்வொன்றுக்கும் மேல் மூலையில் தமிழ் எண் போட்டு, பதில் எழுதியதும் அதையும் குறித்து, அடுக்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு நீ பெரிய ஆளானால் புத்தகமாகப் போடலாம்.’ ஜெயபாலன் அதை வாசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தான்.

1955இன் நடுவில் மூர்த்தியின் கடிதங்கள் மாறின. முன்பு செய்தி சொன்னவன் இப்போது கேள்வி கேட்டான். ‘மலாயா சுதந்திரம் அடைந்தால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாய்? அங்குள்ள இடதுசாரிகளோடு பழகுகிறாயா? அவர்கள் நம் நாட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?’ ஜெயபாலனுக்கு ஒரே சந்தோஷம். வாசகசாலையில் உட்கார்ந்து நண்பன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தான். கேள்விக்கு ஒரு பக்கம் என்று பதில் எழுதினான். ‘சுதந்திரம் வரும், கங்காணி போகமாட்டான். நாற்காலி அதேதான். உட்காருகிற பிட்டம்தான் மாறும்’ என்று ஒரு கடிதத்தில் கிண்டலாக எழுதினான்.

அந்தக் கோடையில் டேனிஷ் நண்பர்கள் பத்துப் பேர் போலந்தில் கம்யூனிஸ்டுகள் நடத்திய இளைஞர் விழாவுக்கு ரயிலில் போனார்கள். ஜெயபாலனும் போனான். கம்யூனிசத்துக்காகப் போகவில்லை, ரயிலுக்காகவும் பாட்டுக்காகவும் போனான். அங்கே தமிழ் பேசும் குரல் கேட்டுத் திரும்பியபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பினாங்குக்காரர் சுப்பையன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் இருவரும் பேசிப் பேசி வாய் வலித்தது. திரும்பி வந்து இதை மூர்த்தி ஒருவனுக்கு மட்டும் எழுதினான். ‘வேறு யார் யாரைப் பார்த்தாய், நம் ஊர்ப் பையன்கள் உண்டா?’ என்று பதில் வந்தது. சுப்பையனின் பெயர், படிப்பு, பினாங்கில் எந்தத் தெரு என்பது வரைக்கும் ஜெயபாலன் எழுதி அனுப்பினான்.

1957 ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி, மலாயா சுதந்திரம் அடைந்த அன்று, பட்டறைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் தட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கொடி நின்றது. அந்த ஊரில் பிறந்தநாள் என்றால் மேசையில் கொடி வைப்பார்கள். மலாயாக் கொடி எங்கே கிடைக்கும்? சமையற்காரி செய்தித்தாளைப் பார்த்துக் காகிதத்தில் வண்ணமடித்திருந்தாள். கோடுகளை எண்ணிப் பார்த்தான், ஒன்று குறைந்தது. சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். படிப்பு முடிந்து அதே பட்டறையில் ஒரு வருட அனுபவத்துக்காக இருந்தான். அடுத்த கோடையில் ஊர் திரும்புவது என்று முடிவாகியிருந்தது.

1958 பிப்ரவரியில் மூர்த்தியிடமிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு மோசம், உடனே வா.

பாஸ்போர்ட் காலாவதியாக மூன்று வாரம்தான் இருந்தது, கப்பல் போய்ச் சேரவே அதற்கு மேல் ஆகும். புதுப்பிக்க எழுதிப்போட்டதற்கு, நேரில் வரச் சொல்லி லண்டனில் இருந்த மலாயாத் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. வடகடலைக் கப்பலில் கடந்து, வாந்தியெடுத்து, ரயிலேறிப் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்த அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். அம்மாவைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து, போலந்துக்குப் போனது உண்டா என்று கேட்டார். உண்டு என்றான். அவர் ஆங்கிலத்தில் வாசித்தார்: “நாற்காலி அதேதான். உட்காருகிற பிட்டம்தான் மாறும்.”

அது ஜெயபாலன் மூர்த்திக்கு எழுதிய வரி. தபாலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். அவசரகாலத்தில் தபாலைப் பிரிப்பது புதிதல்ல. அப்படி நினைத்ததில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

“இது உங்கள் கையெழுத்துதானா என்று மட்டும் சொல்லுங்கள்” என்று அதிகாரி கோப்பை அவன் பக்கம் திருப்பினார்.

கடிதத்தின் போட்டோ நகல். அவன் கையெழுத்துதான். ஆனால் அவன் கண் அதில் நிற்கவில்லை. மேல் மூலையில், வேறொரு கையெழுத்தில், தமிழ் எண்ணில் முப்பத்தொன்று என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘பதில் போட்டாயிற்று.’

வழியில் யாரும் பிரிக்கவில்லை. கடிதம் காஜா பேராங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூர்த்தி பிரித்து வாசித்து, எண் போட்டு, பதில் எழுதி, அதற்குப் பிறகு எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஜெயபாலன் பக்கங்களைப் புரட்டினான். முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. சுப்பையனின் தெருப் பெயர் அடிக்கோடிடப்பட்டிருந்தது.

“என் கையெழுத்துதான்” என்றான்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, இப்போதைக்குப் புதுப்பிப்பதற்கில்லை என்று அதிகாரி சொன்னார். சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர்ஹூஸுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் கமலவேணியின் கடிதம் வந்தது. அம்மா போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் வாசல் பக்கம் தலையைத் திருப்பியே படுத்திருந்தாளாம். ‘நீ வரமுடியாததால் மூர்த்தி அண்ணன்தான் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தார். பெற்ற மகன் செய்வதுபோல் எல்லாவற்றையும் அவரே செய்தார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது’ என்று எழுதியிருந்தாள்.

அவன் மூர்த்திக்கு எழுதுவதை நிறுத்தினான். மூர்த்தி மூன்று கடிதம் போட்டுவிட்டு அவனும் நிறுத்தினான். ஏன் என்று மூன்றிலும் கேட்கவில்லை.

திரும்பிப் போக நாடு இல்லாதவன் இருக்கிற இடத்தில்தான் வேர் விட வேண்டும். ஜெயபாலன் பட்டறையிலேயே நிரந்தரமானான். நகர நூலகத்தில் வேலை செய்த கிர்ஸ்டனை 1960இல் மணந்தான். டேனிஷில் கனவு காண ஆரம்பித்தான். அப்படி முதல் கனவு வந்த அன்று காலையில் எழுந்து சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாவது வருடம் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. 1963 ஜனவரியில், டேனிஷ் பாஸ்போர்ட்டில் நான்கு வார விசா வாங்கிக்கொண்டு, சொந்த ஊருக்கு விருந்தாளியாகப் போனான். கைக்குழந்தை இருந்ததால் கிர்ஸ்டன் வரவில்லை.

கமலவேணி அதே காஜா பேராங்கில் புருஷன் நடராஜனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். டாக்சியை விட்டு இறங்கியதும் கட்டிக்கொண்டு அழுதாள். “பசியாறிட்டியாண்ணே?” என்று கேட்டாள். உள்ளே, கூடத்தில் பெரியவர்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து மூர்த்தி எழுந்து வந்தான். தலை முன்பக்கம் வழுக்கை. இப்போது தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். கையில் ரோஜா மாலை வைத்திருந்தான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலன் கழுத்தை நீட்டினான்.

மறுநாள் காலை இருவரும் கிளேபாங் கடற்கரைக்குப் போனார்கள். மூர்த்தியே கூப்பிட்டான். கடல் வற்றிச் சேறு தெரிந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு ஜெயபாலன் கேட்டான்.

“எத்தன கடுதாசி குடுத்த?”

மூர்த்தி நின்றான். ஆச்சரியப்படவில்லை. “எல்லாத்தையும்.”

“எப்பலேருந்து?”

“அம்பத்தஞ்சிலேருந்து. வாசகசாலைக்கு மாத்தாங்க வந்தாங்க, உளவுப் போலீசு. எவனோ வெச்சிட்டுப் போன, தட செஞ்ச பழைய பத்திரிக்க ஒண்ணு அலமாரில கெடந்திச்சி. சாவி என்கிட்ட. உள்ள தூக்கிப் போட்டா ரெண்டு வருசம்னாங்க. பயிற்சிக்கு எடம் கெடச்சி ஒரு வாரந்தான் ஆவுது. அப்பதான் கேட்டாங்க, வெளிநாட்டுலேருந்து ஒனக்கு யாரு எழுதுறான்னு.”

“எழுதாதடான்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல?”

“போட்டிருக்கலாம்.”

“அந்தக் கேள்விங்க?”

“அவங்க இங்கிலீசுல எழுதிக் குடுப்பாங்க. நான் தமிழ்ல மாத்துவேன். ஒன் மனசுக்கு ஏத்தாப்ல.” மூர்த்தி சேற்றைப் பார்த்தான். “நீ தூரத்துல இருக்க, ஒன்ன யாரு என்னா செய்ய முடியும்னு நெனச்சேன். திரும்பி வர விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, பாலா. அந்தத் தந்திய நெசமா ஒன்ன வரவைக்கத்தான் குடுத்தேன்.”

“எங்கம்மாவுக்குக் கொள்ளி வெச்சியே. அதுவும் அவங்க சொல்லித்தானா?”

“அது நானா செஞ்சது. அத யாரும் சொல்லல.”

கப்பலில், பட்டறையில், படுக்கையில் என்று ஐந்து வருடமாக ஜெயபாலன் இந்த இடத்துக்கு வந்து வந்து போயிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவனை அடித்திருக்கிறான். இப்போது கை எழவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் எழுந்திருக்குமோ என்னவோ. மூர்த்தி கேட்கவில்லை. “கமலாகிட்ட மட்டும் சொல்லாத” என்றான்.

அன்று மத்தியானமே ஜெயபாலன் சொன்னான். கமலவேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கை நிற்கவில்லை.

“அம்மாவ ரிக்சாவுல வெச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது யாரு, தெரியுமாண்ணே? எனக்கு மாப்ள பாத்தது யாரு? எங்க வூட்டுக்காரருக்கு வேல போயி ஆறு மாசம் வூட்ல இருந்தப்ப தெனமும் வந்து நின்னது யாரு?”

“அவன்தாம்மா என்னைய வரவிடாம செஞ்சான். அந்த வேலயெல்லாம் நான் செஞ்சிருக்க வேண்டியது.”

“இருக்கலாம். நீ பொய் சொல்லமாட்ட.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். “ஆனா நீ இன்னும் மூணு வாரத்துல ஏரோப்ளேன் ஏறிடுவ. நாளைக்கி என் புள்ளைக்கிக் காச்சல்னா நான் யாரு வூட்டுக் கதவத் தட்டுறது? இத என்கிட்ட நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்ணே.”

சாயங்காலம் மூர்த்தி வழக்கம்போல் வந்தான். கமலவேணி அவனுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள், ஆனால் கொடுத்தாள். ஜெயபாலன் தின்பண்டத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, தன் வீட்டில் தனக்குத்தான் இடமில்லை என்று கண்டுகொண்டான்.

இரண்டு வாரம் மீதியிருக்கும்போதே கிளம்பினான். விமானம் ஏற நேரே சிங்கப்பூருக்குப் போகாமல் வடக்கே ரயிலேறிப் பினாங்குக்குப் போனான். சுப்பையனைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அந்தத் தெருவின் பெயரை அவனால் மறக்க முடிந்ததில்லை. சுப்பையன் சட்டப் படிப்பை முடிக்கவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தவரைப் போலீஸ் பிடித்துப் பதினாலு மாதம் சிறையில் வைத்திருந்தது. இப்போது வீட்டு முன்னறையில் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். ஜெயபாலனை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

“நான் போலந்துக்குப் போனது லண்டன்ல என்கூட ஒரே ரூம்புல இருந்தவனுக்கே தெரியாதுங்க. யாரு சொல்லியிருப்பான்னு இன்னிக்கி வரைக்கும் யோசிக்கிறேன்” என்றார், பேச்சோடு பேச்சாக.

“நான்தாங்க” என்றான் ஜெயபாலன். நடந்ததைச் சொன்னான். தன் கையெழுத்தில் அந்தத் தெருப் பெயரைப் பார்த்ததையும் சொன்னான்.

உள்ளே நாலைந்து பெண்கள் தட்டச்சு செய்யும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“தெரியாமத்தான் எழுதினீங்க” என்றார் சுப்பையன். “ஆனா எழுதினது நீங்கதான். டீ ஆறிப்போவுது. குடிச்சிட்டுப் போங்க.”

அவர் எழுந்து பள்ளிக்குள் போய்விட்டார். ஜெயபாலன் டீயைக் குடித்தான். வழியனுப்ப யாரும் வரவில்லை.

ஓர்ஹூஸில் பனி உருகத் தொடங்கியிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கிர்ஸ்டனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அதுவரை அவளுக்கு, பாஸ்போர்ட் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

“அந்த மூர்த்தி எப்படிப்பட்டவர்?” என்று கேட்டாள்.

ஜெயபாலன் யோசித்தான். கெட்டவன் என்று ஆரம்பிக்கப் பார்த்தான். அம்மாவை ரிக்சாவில் தூக்கி வைத்த கைகளும், மழையில் பள்ளிக்கூடம் போகையில் ஜெயபாலனின் சிலேட்டை மூர்த்தி தன் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தன.

“நன்றாகச் சிரிக்க வைப்பான்” என்றான்.

அதற்கு மேல் டேனிஷில் அவனுக்குச் சொல் வரவில்லை. தமிழில் சொல்ல அந்த ஊரில் யாரும் இல்லை.